18 வயதுக்கு முன் பெற்றோரைச் சாராமல் வாழச் சட்டத்தில் என்ன வழி? எது யாருக்குப் பொருந்தும்?

"பெற்றோரிடமிருந்து சட்டப்படி பிரிவது எப்படி" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்க விடைதான். கலிபோர்னியாவில் 14 வயது நிரம்பிய ஒருவர், பெற்றோர் சம்மதத்தோடு தனியே வசித்து, தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொண்டால், நீதிமன்றத்தில் மனுப்போட்டு மேஜருக்குரிய உரிமைகள் பலவற்றைப் பெறலாம். இந்தியாவில் அப்படி ஒரு மனுவே கிடையாது. 1875ஆம் ஆண்டின் மெஜாரிட்டி சட்டப்படி 18 வயது நிரம்பும்வரை எல்லோரும் மைனர்தான். சம்பாதித்தாலும், தனியே தங்கினாலும், திருமணமே நடந்திருந்தாலும் அது மாறாது.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். வீட்டை விட்டு விலக நினைக்கும் பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன? அடி உதையிலிருந்து தப்பிப்பதா, படிப்பை நிறுத்தாமல் தங்க ஒரு இடமா, செலவுக்குப் பணமா, கட்டாயக் கல்யாணத்தைத் தடுப்பதா? இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. தேவையை மாற்றிப் புரிந்துகொண்டு தவறான வழியில் இறங்கினால் மாதக்கணக்கு வீணாகும். சில சமயம் உதவ வந்தவர் மீதே வழக்குப் பாயும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். உங்கள் 18ஆவது பிறந்தநாள் எது? பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வேறு தேதியும் இருப்பது நம்மூரில் சாதாரணம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, பள்ளிச் சான்று அல்லது 10ஆம் வகுப்புச் சான்றையே முதலில் பார்க்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லையென்றால் மருத்துவப் பரிசோதனை. ஆகவே பள்ளித் தேதிப்படி கணக்குப் போடுங்கள். 2008 ஜூன் 10 என்று இருந்தால், 2026 ஜூன் 10 பிறக்கும் அந்த நள்ளிரவிலேயே நீங்கள் மேஜர்.

ஆபத்து இருந்தால்: குழந்தைகள் நலக் குழு

வீட்டில் அடி, பாலியல் தொல்லை, பட்டினி, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவது, 18க்கு முன் கல்யாண ஏற்பாடு. இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு எந்த வழியையும் யோசிக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் இப்படிப்பட்டவரை "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்கிறது. 17 வயது 11 மாதம் ஆனவரும் இந்தச் சட்டத்தில் குழந்தைதான்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். பிள்ளையே பேசலாம். ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், மருத்துவமனை நர்ஸ் என யார் வேண்டுமானாலும் பேசலாம். இப்படிப்பட்ட பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளை தானாகவே போய் நிற்கவும் 31ஆம் பிரிவு இடம் தருகிறது. காவல் நிலையம் வழியாகத்தான் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் அது தவறு. குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மீட்கப்பட்ட பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். குழு கூடாத நாளென்றால் ஒரு உறுப்பினர் முன் நிறுத்தினால் போதும்.

அதன்பின் வீட்டு நிலைமையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை கேட்பார்கள். சட்டம் அதற்கு 15 நாள் தருகிறது; இறுதி உத்தரவுக்கு 4 மாதம். இந்த இடைவெளியில் பெற்றோரைக் கூப்பிடுவார்கள், வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள், ஆற்றுப்படுத்துநர் பேசுவார். குடும்பத்தோடு திரும்பச் சேர்ப்பதுதான் இந்தச் சட்டத்தின் முதல் நோக்கம் என்பதை மறக்கக் கூடாது. "வீட்டில் சண்டை, எனக்குப் பிடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னால், இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பார்கள். பல பிள்ளைகளுக்கு நடப்பது இதுதான். திரும்பிப் போன வீட்டில் நிலைமை முன்பைவிட மோசமாகலாம்.

அப்படி நடக்காமலிருக்க, சொல்வதில் தேதியும் விவரமும் இருக்க வேண்டும். எந்த மாதம், எதனால் அடித்தார், எங்கே காயம், யார் பார்த்தார், எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள். அரசு மருத்துவமனையில் காயத்துக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் விபத்துப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். அதன் நகலை "ஏஆர் காப்பி" என்பார்கள். அந்த ஒரு தாள் பத்துப் பக்கப் புகாருக்குச் சமம். கீழே விழுந்துவிட்டான் என்று பெற்றோர் அங்கே சொல்லிவைத்திருந்தாலும், தேதியும் காயத்தின் அளவும் இருக்குமல்லவா? அது உதவும். மிரட்டிய வாட்ஸ்அப் குரல் செய்திகள், வகுப்பாசிரியர் கவனித்தது, மாதக்கணக்கில் பள்ளிக்கு வராத வருகைப் பதிவு எல்லாமே சான்றுதான். இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்றால், அதைக் குழுவிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழு என்ன உத்தரவு போடலாம் என்பதில்தான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. குழந்தைகள் இல்லம் மட்டுமே முடிவு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பிள்ளையை நம்பி ஏற்கத் தயாராக இருக்கும் அத்தை, பாட்டி, குடும்ப நண்பர் என ஒருவர் இருந்தால், விசாரித்துப் பார்த்து அவரைத் "தகுந்த நபர்" என அறிவித்து அவரிடம் ஒப்படைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பள்ளி மாறாது, ஊர் மாறாது, தோழர்கள் மாற மாட்டார்கள். எங்கள் கருத்தில், ஆபத்திலிருக்கும் 15, 16 வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு சட்டத்தில் இல்லை. ஆனால் குழுவே தேடிக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த அத்தை முதல் விசாரணைக்கே ஆதார், குடும்ப அட்டை, வருமானத்துக்கு ஏதாவது சான்று இவற்றோடு நேரில் வந்து, "நான் வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இல்லத்தில் சேர்ந்தால் உணவு, உடை, படிப்பு, பாதுகாப்பு கிடைக்கும். கைப்பேசி பொதுவாக அனுமதியில்லை, நினைத்தபடி வெளியே போக முடியாது, பள்ளி மாற நேரலாம். சுதந்திரம் வேண்டுமென்று கிளம்பிய 17 வயதுக்காரருக்கு இது வீட்டைவிட இறுக்கமாகவே தெரியும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கும்போது ஏற்க வேண்டிய விலை அது.

18 நிரம்பியதும் இல்லத்திலிருந்து வெளியேற வேண்டும். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பின்பராமரிப்பு என்று சட்டத்தில் ஒன்று உண்டு: 21 வயதுவரை, தனிப்பட்ட காரணம் இருந்தால் 23 வரை. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் வழிகாட்டுதலில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வைத்திருக்கிறார்கள். அது தானாகக் கைக்கு வந்து சேராது. 17 வயது முடிவதற்குள்ளேயே இல்லத்தின் கண்காணிப்பாளர் மூலமும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரடியாகவும் எழுதிக் கேட்க வேண்டும்.

குழுவிடம் பேசும் முன் இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காதலரோடு உடலுறவு இருந்ததாகச் சொன்னால், கேட்டவர் அதைக் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். 18க்குக் கீழே சம்மதம் என்பதைச் சட்டம் ஏற்பதில்லை. இதைச் சொல்வது உண்மையை மறைக்கச் சொல்லி அல்ல. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

ஏற்க ஒரு உறவினர் இருந்து, காலமும் இருந்தால்: காப்பாளர் மாற்றம்

காப்பாளரை நியமிப்பதற்கான 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். பிள்ளை தன் பெயரில் மனுப்போட முடியாது. காப்பாளராக விரும்புபவரோ, உறவினரோ, நண்பரோ போட வேண்டும். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றம், அல்லது குடும்பநல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அந்த நீதிமன்றம் இதை விசாரிக்கும். மனுவோடு பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, உறவைக் காட்டும் ஆவணம் இவை போக, "காப்பாளராக இருக்கச் சம்மதம்" என்று அந்த உறவினர் கையெழுத்திட்டு இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்ட தாள் கட்டாயம். இதை விட்டுவிட்டு மனு திருப்பப்படுவது உண்டு.

இங்கே பெரிய தடை 19ஆம் பிரிவு. தாயோ தந்தையோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, வேறொருவரைப் பிள்ளைக்குக் காப்பாளராக நியமிக்க முடியாது. ஆகவே வழக்கின் முழுப் பாரமும் "இந்தப் பெற்றோர் ஏன் தகுதியற்றவர்" என்பதில் விழும். "அத்தை வீட்டில் வசதி அதிகம், எனக்குப் பிடித்திருக்கிறது" என்பது போதாது. குடி, வன்முறை, பல வருடமாகக் கைவிட்டது, சிறை, மறுமணத்துக்குப் பின் திரும்பிப் பார்க்காதது போன்றவற்றை ஆவணத்தோடு காட்ட வேண்டும். 17ஆம் பிரிவுப்படி, சொந்தமாக யோசித்து முடிவெடுக்கும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கணக்கில் எடுக்கலாம். 14, 15 வயதுப் பிள்ளையை அறைக்குள் தனியே அழைத்துக் கேட்பதும் வழக்கம். யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளையை நீதிபதிகள் சட்டென்று கண்டுகொள்வார்கள். அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதை உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

உத்தரவு கிடைத்தால் இதற்கு ஈடான பலம் வேறு எதிலும் இல்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழ், அறுவைச் சிகிச்சைச் சம்மதம், பாஸ்போர்ட், வங்கி என எல்லா இடத்திலும் காப்பாளர் கையெழுத்து செல்லும். குழுவின் ஏற்பாடு தற்காலிகமாகவும் இருக்கலாம். இது 18 வரை நிற்கும். குறை என்னவென்றால் காலம். பெற்றோருக்கு நோட்டீஸ், பதில் மனு, சாட்சி விசாரணை என்று இழுக்கும். 17 வயதில் தொடங்கினால் தீர்ப்புக்கு முன்பே நீங்கள் மேஜராகிவிட, வழக்கே அர்த்தமிழந்து முடியும். 16க்குக் கீழே இருப்பவருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்போம். அதற்கு மேலிருப்பவருக்கு, பெற்றோரே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மட்டும். அவசரமென்றால் 12ஆம் பிரிவின் கீழ் இடைக்காலப் பொறுப்பு கேட்கலாம்.

20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய "காப்பாளர் ஒப்பந்தம்" பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் கட்டணம் கட்டும்போது யாரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் அலுவலகமோ வங்கியோ வாங்காது. அதே கதைதான் "என் மகனுக்கும் எனக்கும் இன்றுமுதல் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று நாளிதழில் வரும் அறிவிப்புக்கும். அதனால் மகன் மகனல்லாமல் போவதில்லை. மைனர் பிள்ளையைக் காப்பாற்றும் கடமையும் போவதில்லை, வாரிசுரிமையும் போவதில்லை. அப்பா தான் சம்பாதித்த சொத்தை உயில் எழுதி வேறொருவருக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இந்துக் குடும்பமென்றால் பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கு பிறப்பால் வந்தது. வீட்டை விட்டுப் போனால் சொத்து போய்விடும் என்ற மிரட்டலுக்கு அஞ்சி அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். சொத்தை விட்டுக்கொடுத்ததாக மைனரிடம் எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரமும் செல்லாது.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும்: வீட்டிலிருந்தபடியே பாதுகாப்பு

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைக் கணவன் மனைவிக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் மகளும், தங்கையும் அதன்கீழ் கேட்கலாம். மைனர் என்றால் அவர் சார்பில் தாயோ, வேறு எவருமோ, மாவட்டப் பாதுகாப்பு அலுவலரோ மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டம் வைத்திருக்கும் இலக்கு. நடைமுறையில் நீளும், ஆனால் இடைக்கால உத்தரவு விரைவாகக் கிடைக்கும்.

இதன் சிறப்பு, போக வேண்டியவர் யார் என்பதைத் திருப்பிப் போடுவது. பிள்ளை வீட்டை விட்டு ஓடுவதற்குப் பதிலாக, அடிக்கிற அப்பாவையோ அண்ணனையோ வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வாங்கலாம். பெண்ணை அப்படி வெளியேற்ற முடியாது; அடிப்பது அம்மாவோ சித்தியோ என்றால் அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவோடு நிற்கும். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. அம்மாவும் சேர்ந்து நிற்கிற வீட்டில் இது மிக நன்றாக வேலை செய்யும். அம்மா அப்பா பக்கம் நின்றால், உத்தரவு கையில் இருந்தும் அதே கூரையின் கீழ் வாழ்வது நரகம்; அப்போது குழுவே மேல். 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண். தொடக்கத்தில் எங்கே போவது என்று புரியாவிட்டால் அங்கிருந்து தொடங்கலாம்.

பணம் மட்டுமே பிரச்சினை என்றால்: ஜீவனாம்சம்

அப்பா வேறு குடும்பத்தோடு போய்விட்டார், பிள்ளை பாட்டி வீட்டில் வளர்கிறது, கட்டணம் கட்ட ஆளில்லை. இப்படிப்பட்ட இடத்தில் காப்பாளர் வழக்கும் வேண்டாம், குழுவும் வேண்டாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 125) போதும். பிள்ளை இப்போது வசிக்கும் மாவட்டத்திலேயே, பெரியவர் ஒருவர் சார்பில் மனுப்போடலாம். 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தொகை மனுப்போட்ட தேதியிலிருந்து கணக்காகும். எனவே அப்பாவின் சம்பளம் தெரியவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள்.

மகனுக்கு இது பொதுவாக 18 வரைதான். இந்து மகளுக்கு அப்படியில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, திருமணமாகாத மகள் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதவரை 18க்குப் பின்னும் கேட்க இடம் தருகிறது. கல்லூரிக் கட்டணத்துக்காகப் பிடிக்காத கல்யாணத்துக்குத் தலையாட்டும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்யவே கூடாத இரண்டு

ஒன்று, திருமணம். கல்யாணம் செய்துகொண்டால் அப்பா அம்மா தலையிட முடியாது என்ற நம்பிக்கை முற்றிலும் தவறு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாத திருமணம் 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குழந்தைத் திருமணம். மைனர் பெண் மேஜராகிவிடுவதும் இல்லை: இந்துச் சட்டப்படி காப்பாளர் பொறுப்பு கணவன் கைக்கு மாறும், அவ்வளவே. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. கூடவே அந்தக் கணவன் மீது போக்சோ வழக்கு. ஏற்கெனவே கட்டாயப்படுத்தி முடித்துவிட்டார்கள் என்றால், 18 நிரம்பிய பின் 2 ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் மனுப்போட்டு அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கலாம். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று, சொல்லாமல் கிளம்பி நண்பர் வீட்டில் தங்குவது. 18க்குக் கீழானவர் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தால், 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபடி முதல் தகவல் அறிக்கை பதிவாகும்; கடத்தலோ என்ற கோணத்திலேயே விசாரிப்பார்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் காப்பாளரிடமிருந்து கடத்தலுக்கு ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்றிருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இருவருக்கும் 18. தண்டனை 7 ஆண்டு வரை. வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம் என்ற வழக்கில், மேஜராகும் வயதை நெருங்கிய பெண் தானாகவே கிளம்பி வந்தால், உடன் போனதாலேயே "அழைத்துச் சென்றான்" என்றாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வழக்கு நடந்து முடிவில் கிடைக்கும் நிவாரணம். அதற்குள் நண்பனின் அண்ணன் கைதாகி, வேலை போய், குடும்பமே நிலைகுலைந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பிள்ளை ராத்திரி வந்து நின்றால்? சாப்பாடு போட்டுத் தங்கவையுங்கள். அன்றைக்கே 1098க்குப் பேசிவிடுங்கள். பெற்றோரில்லாமல் இருக்கும் பிள்ளையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு. தவறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பேசிய நேரத்தைக் குறித்துவையுங்கள். அந்த ஒரு அழைப்புதான் நாளைக்கு உங்களைக் கடத்தல்காரர் என்று யாரும் சொல்லாமல் காக்கும்.

17 தாண்டியவருக்கு, ஆபத்து இல்லையென்றால்: தயாராகக் காத்திருப்பது

கட்டுப்பாடு, ஒப்பீடு, பிடிக்காத படிப்பு, ஓயாத சண்டை. வலி உண்மைதான், ஆனால் எந்த நீதிமன்றமும் இதற்காகப் பெற்றோரைத் தகுதியற்றவர் என்று சொல்லாது. இன்னும் 8, 10 மாதமே இருக்கிறது என்றால் அதை ஆயத்தக் காலமாக்குவதே நல்லது. நடுவழியாக விடுதி இருக்கிறது. அரசு மாணவர் விடுதியோ, விடுதியுள்ள அரசு ஐடிஐயோ பெற்றோர் கையெழுத்தோடு சேர்ந்தால், சட்டப்படி எதுவும் மாறாமலேயே வாரத்தில் 6 நாள் தூரம் கிடைக்கும். "சண்டை போட்டுப் பிரிகிறேன்" என்பதற்குக் கையெழுத்துப் போடாத அப்பா "படிக்கப் போகிறேன்" என்றால் போடுவார்.

வேலைக்குப் போய்ச் சேமிக்கலாமா? 14க்கு மேல் 18 வரை அபாயமில்லாத வேலைக்கு அனுமதி உண்டு. ஆனால் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மணி நேர ஓய்வு, ஓய்வும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரமே, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, ஓவர்டைம் கூடாது. இந்தச் சம்பளத்தில் அறை எடுத்து வாழ்வது நடக்காது. மைனர் போடும் வாடகை ஒப்பந்தமும் செல்லாது என்பதால் வீட்டுக்காரர்களும் தயங்குவார்கள்.

வங்கிக் கணக்கு இப்போதே தொடங்கலாம். 10 வயது நிரம்பியவர் தனியாகவே சேமிப்புக் கணக்கு வைத்து இயக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. உச்சவரம்பை அந்தந்த வங்கி முடிவு செய்யும். அஞ்சலகத்திலும் முடியும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போனவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் மாணவர் கணக்குக்கே வரும். அந்தக் கணக்கில் அப்பாவின் கைப்பேசி எண் இருந்தால், ஒவ்வொரு வரவு செலவும் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

இங்கே வரிசை முக்கியம். 18க்குக் கீழானவர் பெயரில் சிம் தரமாட்டார்கள். எனவே பிறந்தநாள் முடிந்ததும் முதலில் உங்கள் பெயரில் சிம். அடுத்து ஆதார் மையத்தில் விரல் ரேகை வைத்து அந்த எண்ணைச் சேர்ப்பது. இதற்கு வேறு ஆவணம் கேட்க மாட்டார்கள். அதன்பின் வங்கியில் மைனர் கணக்கை மேஜர் கணக்காக்கிப் புதிய மாதிரிக் கையெழுத்து. கடைசியாக டிஜிலாக்கர், மின்னஞ்சல் கடவுச்சொற்கள். முதலில் வங்கிக்குப் போனால் ஓடிபி அப்பா கைப்பேசிக்குப் போய், அன்று மாலையே வீட்டில் கேள்வி வரும்.

தாள்களில் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்? 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, பிறப்புச் சான்று. இவை போக, வெளியே வந்தபின் வாங்க மிகச் சிரமப்படும் இரண்டு உண்டு: வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும். இரண்டுக்கும் குடும்பத்தாரின் விவரம் வேண்டும். வீட்டில் இருக்கும்போதே, கல்லூரிச் சேர்க்கைக்காக என்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும் என்பதால் சேர்க்கைக்குச் சில மாதம் முன்பு வாங்குவது சரி. கல்விக் கடனை நம்பித் திட்டம் போட வேண்டாம். வங்கிகள் பெற்றோரைக் கூட்டுக் கடன்தாரராகக் கேட்கும்.

18 நிரம்பிய அன்று காவல்துறையோ, சாதிச் சங்கமோ, சொந்தக்காரரோ உங்களைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அழைத்துப்போக முடியாது. இருந்தும் காணவில்லை என்று புகார் வரும். தேடி வந்து, நிலையத்தில் உட்காரவைத்து, பெற்றோரை அழுதபடி எதிரில் நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் பலர் மனம் உடைந்து திரும்பிவிடுகிறார்கள். இதைத் தவிர்க்க, கிளம்பும் நாளன்றே ஒரு பக்கக் கடிதம் எழுதி, உங்கள் வீட்டு எல்லைக் காவல் நிலைய ஆய்வாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் (மாநகரமென்றால் ஆணையருக்கு) ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பெயர், பிறந்த தேதி, "நான் மேஜர், என் விருப்பப்படி வெளியேறியிருக்கிறேன், என்னை யாரும் கடத்தவில்லை, நகையோ பணமோ எடுத்து வரவில்லை" என்ற நான்கு செய்தி, தொடர்புக்கு உங்கள் வழக்கறிஞரின் எண், கையெழுத்து. 10ஆம் வகுப்புச் சான்றின் நகலை இணையுங்கள். தங்கும் முகவரியை எழுத வேண்டாம். நகையைப் பற்றிய அந்த வரியை விட்டுவிடாதீர்கள்: பிள்ளையைத் திரும்ப வரவைக்கத் திருட்டுப் புகார் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. அம்மா போட்டுவிட்ட கம்மலைக்கூடக் கழற்றி வைத்து, மேஜையில் இருப்பதைப் படமெடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.